முருகைக்கற் பாறை மீன்களின் குழந்தைப் பருவம்

முருகைக்கற் பாறைகளில் வாழும் மீன்களைப் போல் இருந்த இடத்தை விட்டு அகலாத உயிர்கள் கடலில் மிகச் சிலவே. கோமாளி மீன் எனப்படும் செம்மஞ்சள் நிறச் சிறுமீன், கடற்சாமந்தி என்னும் பூவையொத்த விலங்கொன்றின் கைகளிடையே ஒருமுறை குடிபுகுந்துவிட்டால், பெரும்பாலும் தன் வாழ்நாளை அங்கேயே கழித்துவிடுகின்றது. வண்ணாத்தி மீன்கள் இணையிணையாகத் திரிந்து, ஒரு குறித்த பாறைப் பரப்பையே நாள்தோறும் சுற்றி மேய்கின்றன. கலவாய் மீன் தனக்கென ஒரு பொந்தைத் தெரிந்துகொண்டு, அதன் வாயிலிலேயே இரைக்குக் காத்துக் கிடக்கின்றது. இவ்வாறு வீட்டை விட்டு வெளியேற விரும்பாத இம் மீன்களில் ஏறக்குறைய அனைத்தும், தம் குழந்தைப் பருவத்தில் மட்டும் திறந்த கடலிலே, தாயுமின்றித் தங்குமிடமுமின்றி அலைந்து திரிந்தவை என்பது வியப்பிற்குரிய உண்மையாகும்.

முட்டையிலிருந்து வெளிவந்த காலந்தொட்டு, பாறையில் வந்து குடியேறும் நாள்வரையுள்ள இப் பருவத்தைக் குடம்பிப் பருவம் என்பர். வண்ணத்துப் பூச்சிக்கு மயிர்க்கொட்டி எவ்வாறோ, தவளைக்கு வாற்பேத்தை எவ்வாறோ, அவ்வாறே பாறை மீனுக்கு இக் குடம்பி. உருவத்தாலும் உணவாலும் வாழிடத்தாலும் தாய் தந்தையரினின்று முற்றும் வேறுபட்டது. இப் பருவத்தில் அது எங்கே போகின்றது, எப்படி உயிர் பிழைக்கின்றது, எப்படித் திரும்பி வருகின்றது என்னும் வினாக்கள் நெடுங்காலம் விடை காணப்படாதிருந்தன. இவை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. தம் ஊருக்கு எதிரேயுள்ள பாறையில் வலை போடாது விட்டால் அதன் பயன் யாரைச் சேரும் என்று கேட்கும் மீனவனுக்கும் இதே விடைதான் வேண்டியிருக்கின்றது.

பாறை மீன்கள் முட்டையிடும் முறை இருவகைப்படும். கிளி மீன், கலவாய் முதலியவை முட்டைகளைக் கடல் நீரிலே நேரே விட்டுவிடுகின்றன. பெண் மீன் விடும் முட்டையும் ஆண் மீன் விடும் விந்தும் நீரிற் கலந்து கருக்கட்டுகின்றன. ஒரு மில்லிமீற்றர் அளவினதான அம் முட்டை கண்ணாடி போல் ஒளி புகவிடுவது. உள்ளே ஒரு சிறு எண்ணெய்த் துளி இருப்பதனால் நீரில் மிதப்பது. வெப்பக் கடல்களில் ஏறக்குறைய ஒரு நாளில் அது பொரித்துவிடும். அதற்குள் நீரோட்டம் அதனைப் பாறைக்கு வெளியே கொண்டு சென்றுவிடும்.

இரண்டாவது வகையினவோ முட்டைகளைக் காவல் செய்பவை. கோமாளி மீனும், அதன் உறவினமான டம்சல் எனப்படும் சிறுமீன்களும், கல்லிலோ முருகையின் கிளையிலோ முட்டைகளை ஒட்டிவிடுகின்றன. தந்தை மீன் அவற்றைச் செட்டையால் விசிறிப் புதுநீர் பாய்ச்சுகின்றது. கெட்ட முட்டைகளைப் பொறுக்கி அகற்றுகின்றது. அணுகும் பகைவரைத் துரத்துகின்றது. கார்டினல் மீன் எனப்படும் மற்றோர் இனத்தில், தந்தை முட்டைத் திரள் முழுவதையும் வாயினுள் ஏந்திக் காக்கின்றது. ஆயினும் இப் பராமரிப்பு முட்டை பொரிக்கும் வரைதான். கோமாளி மீனின் முட்டைகள் ஏறக்குறைய ஒரு கிழமை கழிந்தபின், பொழுது சாய்ந்து இருள் பரவும் வேளையிற் பொரிக்கின்றன. அன்றிரவே குஞ்சுகள் பாறையை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றன.

பிறந்த இடத்தை விட்டு ஓடவேண்டிய தேவை யாது? முருகைக்கற் பாறை வளர்ந்த மீனுக்கு மாளிகை. குஞ்சுக்கோ அது பசித்த வாய்களாலான மதில். ஒவ்வொரு பொந்திலும் ஒரு மீன். முருகையும் கடற்சாமந்தியுங்கூட நஞ்சு தோய்ந்த கைகளை நீட்டி நிற்பவை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள ஓர் உயிர் அங்கே பிழைப்பது அரிது. திறந்த கடலில் பகைவர் இல்லாமலில்லை. ஆயினும் அங்கே அவர்கள் செறிந்திருப்பதில்லை. எனவே ஆபத்து மிகுந்த வீட்டைவிட, ஆபத்துப் பரந்து கிடக்கும் வெளியே மேல் என்பது இயற்கையின் கணக்கு எனலாம்.

நீரில் விடப்பட்ட முட்டையினின்று புதிதாய்ப் பொரித்த குஞ்சின் நிலையோ இரங்கத்தக்கது. அதற்கு வாய் திறந்திராது. கண்களில் நிறப்பொருள் படிந்திராது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருவே அதன் கட்டுச்சோறு. அஃது இரண்டு மூன்று நாட்களிற் கரைந்துவிடும். அதற்குள் கண் துலங்கி, வாய் திறந்து, நண்டு இறால் முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உயிர்களைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும். அவ்வேளையில் இரை கிடையாவிட்டால் அது மடிந்துவிடும். கொட், ஹெரிங் ஆகிய மீன்களை ஆராய்ந்த நோர்வே நாட்டு அறிஞர் யொஹான் யோர்ட், 1914ஆம் ஆண்டில் இக் கருத்தை வெளியிட்டார். ஓராண்டில் மீன் பெருகுவதும் மற்றோராண்டில் அருகுவதும், முட்டைகளின் தொகையினாலன்றிக் குஞ்சுகள் முதல் இரையை உண்ணும் அந்த நெருக்கடியான நாட்களினாலேயே முடிவாகின்றன என்பது அவர் கொள்கை. அவர் ஆராய்ந்தவை குளிர்க் கடலின் மீன்களேயாயினும், குடம்பிப் பருவமே மீன் வளத்தின் திறவுகோல் என்னும் எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது அவருடைய ஆராய்ச்சியே.

குடம்பிகளின் தோற்றம் பழைய இயற்கை அறிஞரைப் பலமுறை ஏமாற்றியதுண்டு. வண்ணாத்தி மீனின் குடம்பிக்குத் தலையைச் சூழ எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைக் கண்டவர்கள் தனியொரு சாதி மீனென்றே கருதித் தோலிக்திஸ் எனப் பெயரிட்டனர். வாலடியிற் கத்திபோன்ற முள்ளையுடைய மீன்களின் குடம்பி, நிறமற்று உட்குடர் தெரியத் தட்டையாக இருக்கும். அதற்கும் அக்குறோனூரஸ் என ஒரு தனிச் சாதிப் பெயர் வழங்கலாயிற்று. விலாங்கின் குடம்பியோ, கண்ணாடியிற் செய்த இலைபோன்றது. அது விலாங்கின் பிள்ளையே என்பதை இத்தாலிய அறிஞர்களான கிராசி, கலன்றூச்சியோ இருவரும் 1890களிலேதான் நிறுவினர். பாறைப் பொந்துகளில் வாழும் அஞ்சாலையின் இளமையும் இத்தகைய கண்ணாடி இலை உருவினதே. பிள்ளையைக் கண்டு பெற்றோரை அறிய முடியாத நிலையில், அப் பிள்ளையின் வரலாற்றை எழுதுவது எளிதன்று.

இக் காரணங்களால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு கருத்தே ஓங்கி நின்றது. குடம்பி என்பது நீரோட்டத்தில் மிதந்து செல்லும் தூசு போன்றது, கடல் கொண்டு சென்ற வழியே சென்று, தற்செயலாக ஒரு பாறையின்மேல் ஒதுக்கப்பட்டால் பிழைக்கும், இன்றேல் அழியும். ஒரு பாறையிற் பிறந்த குஞ்சு அதே பாறைக்குத் திரும்புவது அரிதினும் அரிது. பெரும் தடைமுருகைப் பாறையில் ஆராய்ந்த பீற்றர் சேல் என்பவர் 1970களில் இதனை அதிர்ஷ்டலாபச் சீட்டிற்கு ஒப்பிட்டார். பாறையில் ஓர் இடம் வெறுமையானால், அதனைப் பெறுவது வலிய மீனோ சிறந்த மீனோ அன்று. அவ்வேளையில் அங்கே வந்து சேர்ந்த குடம்பி எதுவோ அதுவே என்பது அவருடைய வாதம்.

இக் கருத்து முற்றும் சரியாயின், அதன் விளைவு பாரதூரமானது. ஓர் ஊரார் தம் பாறையைக் காத்தால், அதில் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் நீரோட்டத்துடன் எங்கோ போய்விடும். அவர்களுடைய பாறையை நிரப்பும் குஞ்சுகளோ, அவர்களது கைக்கு எட்டாத வேறெங்கோ பிறந்தவை. உழுதவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்றாகிவிடும். அவ்வாறாயின் தன் பாறையைக் காக்க எவன் முன்வருவான்? இவ்வினாவே பின்வந்த ஆராய்ச்சிகளுக்குத் தூண்டுகோலாயிற்று.

முதலிற் குடம்பிகளைப் பிடிக்கவேண்டும். நுண்ணிய வலையைப் படகின் பின்னே இழுத்துச் செல்வது பழைய முறை. இளங் குடம்பிகள் அதில் அகப்படும். ஆனால் வளர்ந்த குடம்பிகள் வலையைக் கண்டு விலகிவிடும். குடம்பிகள் வெறும் தூசல்ல என்பதற்கு இதுவே முதற் சான்றாக இருந்திருக்கவேண்டும். இரவில் விளக்கை நாடி வரும் அவற்றின் இயல்பைப் பயன்படுத்தி, நீரில் மிதக்கும் விளக்குப் பொறிகளை அவுஸ்திரேலியாவின் பீற்றர் டொஹேட்டி 1980களில் அமைத்தார். விளக்கொளியால் ஈர்க்கப்பட்ட குடம்பி ஒடுங்கிய வாயில் வழியே பெட்டியினுள் புகுந்து, உயிருடன் கிடைக்கும். பிரெஞ்சுப் பொலினீசியாவிலோ, அலை பாறைமீது ஏறிப் பாயும் இடத்தில் வலையை நிலையாகக் கட்டி, இரவிற் பாறைக்குள் நுழையும் குடம்பிகளைப் பிடிக்கலாயினர். இவ்வாறு கிடைத்தவற்றை நீர்த்தொட்டிகளில் வளர்த்து, இன்ன குடம்பி இன்ன மீன் ஆகின்றது என்று கண்டறியவும் முடிந்தது.

பிடித்த மீனின் வயதை அறிவதற்கு இயற்கையே ஓர் ஏட்டை வைத்திருந்தது. மீனின் தலையினுள், உட்செவியில், கல்சியம் காபனேற்றினாலான சிறு கற்கள் உள்ளன. இவற்றைச் செவிக்கல் என்பர். மரத்தின் அடியை வெட்டினால் ஆண்டு வளையங்கள் தெரிவது போல், செவிக்கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால் வளையங்கள் தெரியும். இவ் வளையங்களில் நாளுக்கொன்றாகப் படிபவையும் உண்டு என்பதனை ஜோர்ஜியோ பன்னெல்லா 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின், ஒரு சிறுமீன் பொரித்து எத்தனை நாளாயிற்று என்பதனை விரல்விட்டு எண்ணுவது போல் எண்ணக் கூடியதாயிற்று. மேலும், குடம்பி கடலை விட்டுப் பாறையிற் குடியேறும் நாளில், வளையங்களின் அமைப்பு மாறி ஒரு வடு விழுகின்றது. மையத்தினின்று அவ் வடுவரை எண்ணினால் கடலில் அலைந்த நாட்கள். வடுவிலிருந்து விளிம்புவரை எண்ணினால் பாறையில் வாழ்ந்த நாட்கள். கடற் பயணத்தின் நாட்குறிப்பு மீனின் தலைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

அந்நாட்குறிப்பைப் படித்தபோது இனத்துக்கு இனம் பெரும் வேறுபாடு காணப்பட்டது. கோமாளி மீனின் கடல் வாழ்வு பத்துப் பன்னிரண்டு நாட்களே. டம்சல் மீன்களிற் பல இரண்டு மூன்று கிழமைகளோ சற்றுக் கூடவோ அலைகின்றன. வண்ணாத்தி மீன்களிற் சில ஒரு மாதத்துக்கு மேலும், வேறு சில இனங்கள் நூறு நாட்களுக்கு மேலும் கடலில் இருப்பதுண்டு. பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் நீலத்தலை மீனை ஆராய்ந்த பெஞ்சமின் விக்டர், 1983ஆம் ஆண்டில் மற்றொன்றையும் காட்டினார். செவிக்கல் கொண்டு குடியேறிய நாட்களைக் கணித்தபோது, குஞ்சுகள் நாள்தோறும் சீராக வருவதில்லை, இடையிடையே திடீரெனத் திரளாக வருகின்றன என்பது தெரிந்தது. அப் பாறைகளில் அம் மீனின் தொகையைத் தீர்மானித்தது பாறையின் இடவசதி அன்று, கடலினின்று வந்து சேர்ந்த குஞ்சுகளின் வரவே.

அடுத்து எழுந்த வினா, குடம்பி நீந்த வல்லதா என்பது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்பது தமிழர் பழமொழி. விஞ்ஞானிகள் இதனை நம்புவதற்குச் சற்றுக் காலம் எடுத்தது. 1997ஆம் ஆண்டில் இலோனா ஸ்தொபுற்ஸ்கி, டேவிட் பெல்வுட் ஆகியோர் பெரும் தடைமுருகைப் பாறையின் வடபகுதியிலுள்ள லிசார்ட் தீவில், குடியேறும் பருவத்துக் குடம்பிகளைப் பிடித்து, விநாடிக்கு 13.5 சென்ரிமீற்றர் வேகத்தில் நீர் ஓடும் கால்வாயில் விட்டனர். அவை உணவுமின்றி ஓய்வுமின்றி, சராசரி 84 மணி நேரம் நீரை எதிர்த்து நீந்தின. அவ்வாறு நீந்திய தூரம் சராசரி 40 கிலோமீற்றருக்குச் சமம். அவை ஓரிரு சென்ரிமீற்றர் நீளமேயுள்ள உயிர்கள் என்பதை மறத்தலாகாது. அதே ஆண்டில் ஜெவ்ரி லெயிஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும், குடம்பிகளைக் கடலில் விட்டு, சுழியோடியாகப் பின்தொடர்ந்து அளந்தனர். அவற்றின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். அப்பகுதியின் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல இவ்வேகம் பல வேளைகளிற் போதுமானது. பொரித்த முதல் நாட்களிற் குடம்பி உண்மையில் வலுவற்றதே. பழமொழி அங்கே பொருந்தாது. ஆனால் வால் எலும்பும் செட்டைகளும் உருப்பெற்றபின் அது கடலின் கைதியல்ல, பயணியாகின்றது.

நீந்த வலிமை இருந்தாற் போதாது. திசை அறிதல் வேண்டும். முருகைக்கற் பாறை ஓசை மிகுந்த இடம். இறாலினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் கொடுக்கை நொடித்து எழுப்பும் வெடியோசையும், மீன்கள் முனகும் ஓசையும் இரவில் நெடுந்தூரம் கேட்கும். 2005ஆம் ஆண்டில் ஸ்ரீபன் சிம்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், லிசார்ட் தீவின் அருகே மணற்றரையில் இறந்த முருகைக் கற்களைக் குவித்து 24 சிறு பாறைகளை அமைத்தனர். சிலவற்றில் நீரடி ஒலிபெருக்கி மூலம் பாறையின் ஓசையை ஒலிபரப்பினர். மற்றவற்றை மௌனமாக விட்டனர். ஓசை எழுந்த பாறைகளிலேயே மீன் குஞ்சுகள் மிகுதியாக வந்து சேர்ந்தன. மணமும் வழிகாட்டுகின்றது என்பதற்குச் சான்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. வன் றீ தீவில் பிடிக்கப்பட்ட கார்டினல் மீன் குடம்பிகள், தாம் பிடிக்கப்பட்ட பாறையின் நீரையும் வேறு பாறையின் நீரையும் ஒருங்கே பாயவிட்டபோது, முன்னதையே நாடிச் சென்றன. கண்ணுக்கெட்டாத பாறையைச் செவியும் மூக்கும் காட்டிக் கொடுக்கின்றன போலும்.

ஆயினும், குடம்பி தன் சொந்தப் பாறைக்கே திரும்புகின்றது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? முட்டைப் பருவத்திலேயே அடையாளம் இட்டாலன்றி அது முடியாது. இவ் வேலையைத்தான் ஜெவ்ரி ஜோன்சும் அவருடைய குழுவினரும் லிசார்ட் தீவில் மேற்கொண்டனர். டம்சல் மீனின் முட்டைகள் ஒட்டியிருந்த இடங்களைத் தேடி, தெத்திராசைக்கிளின் என்னும் மருந்து கலந்த நீரில் அவற்றைத் தோய்வித்தனர். இம் மருந்து செவிக்கல்லில் படிந்து, தனி ஒளியில் மஞ்சளாக ஒளிரும். இவ்வாறு அடையாளமிடப்பட்ட கருக்கள் ஒரு கோடி அளவின. பின்னர் பாறைக்குத் திரும்பும் சிறுமீன்களிற் 5,000 வரை பிடித்துச் செவிக்கற்களைப் பார்த்தபோது, அடையாளம் கொண்டவை 15 இருந்தன.

பதினைந்து என்பது சிறு தொகையே. ஆனால் கணக்கைச் சற்று ஆழ்ந்து நோக்கல் வேண்டும். அத் தீவைச் சுற்றித் தோன்றிய கருக்கள் அனைத்திலும் அவர்கள் அடையாளமிட்டவை நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பங்குவரையே. திரும்பி வந்தவற்றிலோ ஆயிரத்துக்கு மூன்று அடையாளம் தாங்கியிருந்தன. இதிலிருந்து, வந்த குஞ்சுகளில் நூற்றுக்கு 15 முதல் 60 வரை அத் தீவிலேயே பிறந்தவை என்ற முடிவு பெறப்பட்டது. 1999ஆம் ஆண்டில் இம் முடிவு வெளிவந்தபோது, அதே வேளையில் கரிபியன் கடலின் சென்ற் குரோய் தீவிலிருந்து, செவிக்கல்லிற் படிந்த இரசாயனச் சுவடுகளைக் கொண்டு பெறப்பட்ட மற்றொரு சான்றும் சேர்ந்துகொண்டது. குடம்பிகள் யாவும் தொலைந்து போகின்றன என்னும் பழைய கருத்து அன்றுடன் ஆட்டங்கண்டது.

பின்வந்த சான்றுகள் இதனை மேலும் உறுதிப்படுத்தின. பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் ஒருவகைக் கோமாளி மீனை அடையாளமிட்டும், மரபணுச் சோதனையால் பெற்றோரைக் கண்டும் ஆராய்ந்தபோது, புதிதாய்க் குடியேறியவற்றில் மூன்றிலொரு பங்கு அதே சிறு பரப்பிற் பிறந்தவை என்று 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அவற்றிற் பல, பத்து நாள் கடலில் அலைந்தபின், பிறந்த இடத்திலிருந்து நூறு மீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே வீடு கண்டிருந்தன. 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தாய் மீன்களுக்குப் பேரியம் என்னும் மூலகத்தின் அரிய சமதானி ஒன்றை ஊசிமூலம் செலுத்தினர். அது முட்டை வழியே குஞ்சின் செவிக்கல்லில் பதியும். கிம்பே தீவின் சிறிய பாதுகாப்புப் பகுதியில் குடியேறிய கோமாளி மீன்களிலும் வண்ணாத்தி மீன்களிலும் நூற்றுக்கு 60 பங்கு அங்கேயே பிறந்தவை எனக் கண்டனர். அவ் வண்ணாத்தி மீனின் முட்டை நீரில் மிதப்பது; அதன் குடம்பி ஒரு மாதத்துக்கு மேல் கடலில் வாழ்வது என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை புலப்படும்.

குடம்பிகள் அனைத்தும் வீடு திரும்புகின்றன என்று இதனைக் கொண்டு முடிவு செய்வதும் தவறு. சில திரும்புகின்றன, சில அண்டைப் பாறைகளுக்குச் செல்கின்றன, மிகச் சில தொலைதூரம் போகின்றன. இவ்விருவகைப் பயணமும் மீன் வளத்துக்கு இன்றியமையாதவை. திரும்பி வருபவை தாய்ப் பாறையை நிலைநிறுத்துகின்றன. வெளியே செல்பவை பிற பாறைகளுக்கு உயிரூட்டுகின்றன. குடம்பிப் பருவமே இல்லாத பாறை மீனும் உண்டு. பெரும் தடைமுருகைப் பாறையிலும் அதன் அயற் கடல்களிலும் வாழும் முட்டம்சல் எனத்தக்க ஓர் இனத்தில், குஞ்சுகள் கடலுக்குச் செல்லாது பெற்றோருடனேயே திரிகின்றன. அவ்வினம் ஓரிடத்தில் அழிந்தால், அவ்விடத்துக்கு மீண்டும் வந்து சேர்வது மிகக் கடினம். கடலிற் பிள்ளைகளை அலையவிடும் இனங்களின் முறையிலுள்ள நன்மை இதனால் விளங்கும்.

பாறையைக் கண்டதும் குடம்பியின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. பெரும்பாலும் இரவிலே, பலவேளைகளில் நிலவற்ற இரவிலே, அது பாறைக்குள் புகுகின்றது. கண்ணாடி போன்ற உடலில் ஓரிரு நாட்களில் நிறம் படிகின்றது. வாலடிக் கத்தி முள்ளுடைய மீன்களில், கடலில் நுண்ணுயிர் உண்டு பழகிய குடர் பாசியைச் செரிப்பதற்கேற்ப நீள்கின்றது. இம் மாற்றங்களைத் தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன்கள் நடத்துகின்றன. வாற்பேத்தையைத் தவளையாக்குவதும் அவையே. இவ்வாறு உருமாறும் வேளையிலேயே பகைவரும் சூழ்ந்துகொள்கின்றனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, குடியேறிய முதல் ஓரிரு நாட்களுக்குள் குஞ்சுகளிற் பாதிக்கு மேற்பட்டவை இரையாகிவிடுகின்றன. பெருங்கடலைக் கடந்து வந்த பயணி வீட்டு வாயிலிலே மாள்கின்றான்.

எனவே அவ் வாயிலில் ஒளிந்துகொள்ள இடமிருத்தல் இன்றியமையாதது. உயிருள்ள முருகையின் கிளைகளே அந்த இடம். கிம்பே விரிகுடாவில் முருகை அழிந்துகொண்டு வந்த எட்டாண்டுக் காலத்தை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், மீன் இனங்களிற் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை குறைந்துவிட்டன எனக் கூறப்பட்டது. மீன் பிடித்தல் தடைசெய்யப்பட்ட இடங்களிலும் இக் குறைவு காணப்பட்டது. வளர்ந்த மீனைப் பிடியாது விட்டால் மட்டும் போதாது. தொட்டிலைக் காக்க வேண்டும் என்பதே அதன் பாடம். கடல் வெப்பமடைவதனால் முருகைகள் வெளிறி இறக்கின்றன. அவ்வெப்பமே குடம்பியின் வளர்ச்சியை விரைவாக்கிக் கடல் வாழ்வைச் சுருக்கி, தொலைப் பாறைகளை எட்டும் வாய்ப்பையும் குறைக்கக் கூடியது. இறந்த பாறையில் ஓசையும் அடங்கிவிடுகின்றது. லிசார்ட் தீவில் சிதைந்த கற்குவியல்களுக்கு அருகே, நலமான பாறையின் ஓசையை 40 நாட்கள் ஒலிபரப்பியபோது, அங்கு வந்து தங்கிய மீன்கள் இருமடங்காயின என்று 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஊமையாகிவிட்ட பாறை தன் பிள்ளைகளை அழைக்க மாட்டாது என்பதனை இது தெளிவாகக் காட்டுகின்றது.

இனி, மீனவனுடைய கேள்விக்கு வருவோம். பெரும் தடைமுருகைப் பாறையின் தென்பகுதியிலுள்ள கெப்பல் தீவுகளில், உணவுக்காகப் பிடிக்கப்படும் இரு மீனினங்களை மரபணுச் சோதனையால் ஆராய்ந்த முடிவு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றுள் ஒன்று கலவாயினம். அப் பகுதியின் பாறைப் பரப்பில் பாதுகாக்கப்பட்டது நூற்றுக்கு 28 பங்கே. ஆனால் 30 கிலோமீற்றர் வட்டாரத்தில், காக்கப்பட்ட பாறைகளிலும் மீன்பிடிக்கும் பாறைகளிலும் வந்து சேர்ந்த இளமீன்களில் ஏறக்குறைய பாதி, அந்த 28 பங்கிலிருந்தே தோன்றியவை. பாறையைக் காத்த ஊருக்கும் பயன் உண்டு. அயலூருக்கும் பயன் உண்டு. உழுதவனும் அறுக்கின்றான், அடுத்த வயலுக்கும் நீர் பாய்கின்றது.

இலங்கைக் கரையில் இவ்வுண்மை பொருந்தும் இடங்கள் பல. தமிழ் மீனவர் 'பார்' என்று வழங்கும் கடலடிப் பாறைத் திட்டுக்களில் முருகையால் ஆனவையும் அடங்கும். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைப் பார்த் தொகுதி 1992ஆம் ஆண்டிலும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு தேசியப் பூங்காவாக 2003ஆம் ஆண்டிலும் காப்புப் பெற்றன. இக்கடுவைப் பாறை 1979ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் வெப்பத்தால் கற்பிட்டியிலும் இக்கடுவையிலும் ஆழங்குறைந்த நீரிலிருந்த முருகைகள் பெருமளவில் இறந்தன. அதற்கு முன்னரே, தென்மேற்குக் கரையில் முருகைக் கற்களை உடைத்துச் சுண்ணாம்பு சுடும் தொழில் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. உடைக்கப்பட்ட ஒவ்வொரு கல்லும் ஏதோவொரு மீனின் தொட்டிலாக இருந்திருக்கும்.

ஒரு கலவாயின் தாய் விடும் முட்டைகளில் வளர்ந்த மீனாகி வலையில் விழுபவை எண்ணற் கரிய சிறு பங்கினவே. அப் பங்கைச் சற்றே கூட்டுவதற்கு மனிதன் கடலினுள் செய்யக்கூடியது அதிகமில்லை. நீரோட்டத்தை அவன் திருப்ப முடியாது. குடம்பிக்கு இரையூட்டவும் முடியாது. முட்டையிடும் பெரிய மீன்களிற் சிலவற்றை விட்டுவைப்பதும், திரும்பி வரும் குஞ்சு ஒளிந்துகொள்ள உயிருள்ள முருகையை உடையாது விடுவதுமே அவன் கையிலுள்ளவை. எஞ்சிய பயணத்தை அச் சிற்றுயிர்கள் தாமே செய்துகொள்ளும் என்பதற்கு, அவற்றின் செவிக்கற்களில் நாள்தோறும் எழுதப்பட்ட கணக்கே சான்று.